புதிய பிக்கப்பில் எழும் சத்தங்கள்: இஞ்சினிலிருந்து பின்னச்சு வரை

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப்பில் புதுச் சத்தம் கேட்டால் முதல் சந்தேகம் தேய்மானத்தின் மேல் விழும். பேரிங், புஷ், செயின் என்று தேய்ந்திருக்கக்கூடியவற்றை வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஷோரூமை விட்டு வந்து ஆயிரம் கிலோமீட்டர்கூட ஆகாத வண்டியில் அந்த விடைக்கு இடமில்லை. அங்கே மூன்று சாத்தியங்கள் உண்டு. சத்தம் அந்த வடிவமைப்புக்கே உரியதாக இருக்கலாம். ஒரு போல்ட்டோ, தகடோ, குழாயோ சரியாகப் பொருத்தப்படாமல் விட்டிருக்கலாம். அல்லது ஒரு பாகமே தொழிற்சாலையிலிருந்து குறையோடு வந்திருக்கலாம். மூன்றும் காதுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி கேட்கக்கூடும் என்பதே சிக்கல். முதல் வகைச் சத்தத்துக்காக இஞ்சினைப் பிரித்தால் நல்ல வண்டி கெடும். மூன்றாம் வகையை "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினால் இஞ்சினே போய்விடும்.

சத்தத்தின் குணத்தை வைத்து முடிவு கட்டுவது ஆபத்தானது. ஒருவர் "டிக் டிக்" என்று சொல்வதை இன்னொருவர் "கட கட" என்பார். பிக்கப்பின் கட்டுமானமும் காதை ஏமாற்றும். நீளமான இரும்புச் சட்டத்தின் மேல் இஞ்சின், கியர் பாக்ஸ், கேபின் எல்லாம் ரப்பர் மவுண்டிங்குகளில் உட்கார்ந்திருக்கின்றன. பின்னச்சில் பிறக்கும் அதிர்வு சட்டம் வழியாக ஓடிவந்து ஓட்டுநரின் காலடியில் ஒலிக்கும். சில வண்டிகளில் கேபினுக்குள் கேட்பது முழுவதும் இஞ்சினின் ஒலியே அல்ல. 2015-ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு எஃப்-150-இன் ஈக்கோபூஸ்ட் வகைகளில் இஞ்சின் ஒலி ஸ்பீக்கர்கள் வழியாகவும் கூட்டித் தரப்பட்டது. ஆகவே சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எது மாறும்போது அது மாறுகிறது என்பதே நம்பத்தக்க சாட்சி. இஞ்சின் சுழற்சி, வண்டியின் வேகம், இழுவைச் சுமை, சூடு ஆகிய நான்கில் எதன் பின்னால் அது போகிறது என்று கண்டுபிடித்தால், தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

சுழற்சியின் கணக்கு

இதைக் கணக்கோடு பார்த்தால் தெளிவாகும். நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடுகிறது என்று கொள்ளலாம். கிராங்க் நொடிக்கு 12.5 முறை சுற்றும். கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும். எனவே ஒரே ஒரு இன்ஜெக்டரோ வால்வோ தட்டினால் நொடிக்கு ஆறு தட்டுகள் சொச்சம் கேட்கும். பழகிய காது அதை ஏறக்குறைய எண்ணிவிடும். ஃப்ளைவீலிலோ கிராங்க் சார்ந்த வேறு பாகத்திலோ குறை என்றால் தட்டு இரண்டு மடங்கு விரைவாக வரும்.

அதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சுமார் 2.2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் நொடிக்கு ஏழரை முறை சுற்றும். பின்னச்சின் விகிதம் 4.1 என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 31 முறை சுற்றும். பினியனுக்குப் பத்துப் பற்கள் என்றால், பற்கள் கவ்வும் வேகம் நொடிக்கு 310. காதில் விழும் ஊளை அந்தச் சுருதியில் இருக்கும். நான்காவது கியர் நேரடி கியராக இருந்தால் இஞ்சின் அப்போது சுமார் 1,860 சுற்றில் ஓடும். 0.8 விகிதமுள்ள ஐந்தாவது கியருக்கு மாற்றி அதே 60-ஐப் பிடித்தால் இஞ்சின் 1,500-க்கு இறங்கும். ஊளையின் சுருதி இறங்காமல் அப்படியே நின்றால் இஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கருவியும் இல்லாமல், ஒரு கியர் மாற்றத்திலேயே இவ்வளவு தெரிந்துவிடும்.

வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வரும் சத்தம் இஞ்சின் பக்கத்தது. ஆளற்ற நேர்ச்சாலையில், இஞ்சினை அணைக்காமல், கிளட்சை மிதித்து வண்டியைச் சற்றுத் தூரம் தானாக ஓடவிட்டால் தொடரும் சத்தம் ஷாஃப்ட், அச்சு, சக்கரம், டயர் பக்கத்தது. ஓடும்போது இஞ்சினை அணைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. ஸ்டீயரிங்குக்குக் கிடைக்கும் உதவி போய்விடும், பிரேக்குக்குக் கிடைப்பதும் சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும்.

குறை அல்லாத சத்தங்கள்

பழைய வண்டி ஓட்டிப் பழகியவருக்கு இன்றைய பிக்கப் பல சத்தங்களைப் புதிதாகக் காட்டும். நேரடி இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் இஞ்சினில் உயர் அழுத்தப் பம்பை கேம் ஷாஃப்ட் இடிக்கிறது. இன்ஜெக்டர்கள் நொடியின் சிறு பங்கில் திறந்து மூடுகின்றன. ஐட்லிங்கில் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் சீரான டிக் டிக் கேட்பது அதனால்தான். டீசலில், குளிர்ந்த சிலிண்டருக்குள் தெளிக்கப்பட்ட எரிபொருள் பற்றிக்கொள்ளச் சற்றுத் தாமதமாகும். சேர்ந்த எரிபொருள் ஒரேயடியாக எரியும்போது அழுத்தம் திடீரென்று ஏறித் தட்டும். காமன் ரெயில் இஞ்சின்கள் முக்கியத் தெளிப்புக்கு முன்பு ஒரு சிறு தெளிப்பைக் கொடுத்து இந்தத் தட்டலை மென்மையாக்குகின்றன. இருந்தாலும் காலையில் முதல் சில நிமிடம் அது கேட்கத்தான் செய்யும்.

விஸ்கஸ் கிளட்ச் பொருத்திய ரேடியேட்டர் ஃபேன், இரவு முழுக்க நின்ற பிறகு முதல் சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடம் வரை முழு வேகத்தில் இரைந்துவிட்டு அடங்கும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தபின், டீசல் பிக்கப்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் வடிகட்டி வந்துவிட்டது. அதில் சேர்ந்த கரியை எரிக்கும் நேரத்தில் ஐட்லிங் ஏறும், இஞ்சினின் ஒலி கனக்கும், ஃபேன் இரையும், சூடான வாடையும் வரும். நகருக்குள் நின்று நின்று சரக்கு இறக்கும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். கரி எரியும் பாதியில் இஞ்சினை அணைத்து அணைத்துப் போடுவதுதான் அங்கே கெடுதல். சத்தத்துக்குப் பயந்து வண்டியை அணைக்கும் ஓட்டுநர் அந்தக் கெடுதலைத்தான் செய்கிறார்.

டொயோட்டா வண்டிகள் சிலவற்றில், அணைத்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்து ஆளில்லாத வண்டியிலிருந்து ஒரு முனகல் வரும். பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று ஒரு சிறு பம்ப் சோதிக்கும் ஒலி அது. ரிவர்ஸ் கியரின் ஊளையும் பெரும்பாலும் இயல்பே. பல கியர் பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு நேர்ப்பற்கள், முன்கியர்களுக்குச் சாய்வுப்பற்கள்.

இஞ்சினின் மேல்பகுதி

ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று விநாடிகளில் மட்டும் வரும் "கடகட" தனி ஆராய்ச்சிக்கு உரியது. இரவில் ஆயில் கீழே வடிந்துவிட, ஹைட்ராலிக் லிஃப்டர்கள் நிரம்புவதற்குள் ஓரிரு விநாடி தட்டுவது பல இஞ்சின்களில் உண்டு. கேம் ஃபேஸரிலிருந்து வரும் கடகடப்பு வேறு. வால்வுகளின் நேரத்தை மாற்றும் இந்த உறுப்பு, இஞ்சின் நின்றிருக்கும்போது ஒரு லாக் பின் கொண்டு பூட்டப்பட்டிருக்க வேண்டும். பூட்டு சரியாக விழாவிட்டால், ஆயில் அழுத்தம் வரும்வரை அது முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். 2017 முதல் 2020 வரையிலான எஃப்-150-இன் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இஞ்சினில் இந்தக் குறை பரவலாகக் கேட்டது. ஃபோர்டு 2021-இல் மென்பொருள் மாற்றத்தையும் தேவைப்பட்டால் ஃபேஸர் மாற்றத்தையும் சேர்த்து ஒரு வாடிக்கையாளர் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன்பு வண்டியைக் கொண்டுபோன பலருக்கு இருந்த தொல்லை எளிதில் ஊகிக்கக்கூடியது: சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப்போன சூடான இஞ்சின் அங்கே சத்தம் போடாது. முந்தின நாள் மாலையே வண்டியை விட்டு, மறுநாள் காலை மெக்கானிக்கின் முன்னிலையில் முதல் ஸ்டார்ட் எடுப்பதே இதற்கு வழி.

சிலிண்டர்களை ஓட்டத்தின் நடுவே ஓய்வில் வைக்கும் அமைப்பு, ஒரே உறுப்பிலிருந்து இயல்பான ஒலியும் குறையின் ஒலியும் வரக்கூடும் என்பதற்கு நல்ல உதாரணம். ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் வி-8 இலேசான சுமையில் நான்கு சிலிண்டரில் ஓடும். 2019 சில்வராடோவுடன் வந்த புதிய அமைப்பு 17 விதமான எரிப்பு வரிசைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. அப்போது எழும் ரீங்காரம் இயல்பு. அதே அமைப்பின் சிறப்பு லிஃப்டர் ஒன்று உள்ளே சிக்கித் திரும்ப எழாவிட்டால், விடாத டிக் சத்தமும் அந்தச் சிலிண்டரில் மிஸ்ஃபயரும் வரும். இரண்டையும் பிரிப்பது சூழ்நிலைதான்: ரீங்காரம் சீரான வேகத்தில் தோன்றி, ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் மறையும். லிஃப்டரின் தட்டு ஐட்லிங்கிலும் நிற்காது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கசிவும் லிஃப்டரைப் போலவே ஒலிக்கும். ராம் 1500-இன் 5.7 லிட்டர் ஹெமியில் மேனிஃபோல்ட் போல்ட் முறிவும் லிஃப்டர் குறையும் இரண்டுமே அறியப்பட்டவை. குளிரில் பலமாக இருந்து, உலோகம் சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபட்டு மறைவது மேனிஃபோல்டின் அடையாளம். இணைப்பில் கரிக்கோடும் தெரியும். லிஃப்டரின் தட்டு ஆயில் சூடாகி இளகியபின் நீடிக்கும், அல்லது கூடும். முதலாவதைச் சில போல்ட்டுகள் தீர்க்கும். இரண்டாவதற்கு இஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டிவரலாம். வெப்பத்தைக் கவனிக்காமல் செய்யப்படும் ஆய்வு எவ்வளவு விலை வைக்கும் என்பது இதிலிருந்து தெரியும்.

டர்போவின் மெல்லிய விசில் இயல்பு. இழுவையில் மட்டும் "புஸ்" என்ற காற்றொலியும், டீசலில் கரும்புகையும், இழுவைக் குறைவும் சேர்ந்தால் இன்டர்கூலர் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. புதிய வண்டியில் பொருத்துவதில் நேரும் தவறுக்கு இதுவே முதல் உதாரணம். சைரன்போல் ஏறும் ஒலி என்றால் டர்போவின் சக்கரம் உறையில் உரசுகிறது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது. பெல்ட்டின் கீச்சொலியைத் தண்ணீர் தெளித்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒரு கணம் ஒலி மாறினால் பெல்ட்தான்.

இஞ்சினின் கீழ்ப்பகுதி

கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங் கெட்டால் வரும் கனத்த தட்டு எல்லாவற்றிலும் மோசமானது. ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றி விடும் தறுவாயில் அது பலமாகக் கேட்கும். இஞ்சின் சூடேறச் சூடேற வளரும். பிஸ்டன் ஸ்லாப் இதற்கு நேர்மாறு: குளிரில் தட்டி, பிஸ்டன் விரிந்ததும் ஓய்ந்துவிடும். ஸ்கேனரால் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும்போது எந்தச் சிலிண்டரில் தட்டு குறைகிறதோ அதுதான் குறையுள்ள ராடு.

புதிய இஞ்சினில் இது நடக்குமா என்ற கேள்விக்கு அண்மைக்கால ரீகால்களே பதில். 2024 மே மாதம் டொயோட்டா, 2022, 2023 மாடல் டண்ட்ராவையும் லெக்சஸ் எல்எக்ஸையும் சேர்த்து அமெரிக்காவில் சுமார் 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வார்ப்பைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் இஞ்சினுக்குள் தங்கி, மெயின் பேரிங்கைக் கெடுத்திருந்தன. தட்டல், தடுமாற்றம், ஸ்டார்ட் ஆகாமை, ஓட்டத்தில் இழுவை இழப்பு எல்லாம் அதன் விளைவுகள். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் வி-8 பொருத்திய 2021 முதல் 2024 வரையிலான சில்வராடோ, சியரா உள்ளிட்ட சுமார் 6 லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. காரணம் கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் ஆகியவற்றின் உற்பத்திக் குறைகள். சோதனையில் தேறாத இஞ்சின்கள் பழுதுபார்க்கப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. தேறியவற்றுக்கு 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதில் கெட்டியான 0டபிள்யூ-40 ஊற்றப்பட்டது. பேரிங்கின் ஆயில் படலத்தைத் தடிப்பாக்குவதே அதன் நோக்கம். "புது வண்டி, கம்பெனி இஞ்சின், ஒன்றும் ஆகாது" என்ற ஆறுதலுக்கு இந்த இரண்டு ரீகால்களுக்குப் பிறகு இடமில்லை. கனத்த தட்டோடு ஆயில் அழுத்த விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே இஞ்சினை நிறுத்தி, வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

ஆனால் கனத்த தட்டு எல்லாமே பேரிங் அல்ல. ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ் ப்ளேட்டோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால், கிராங்க் சுற்றும் அதே கதியில் அச்சு அசல் ராடு தட்டுவதுபோலவே கேட்கும். நியூட்ரலிலிருந்து டிரைவுக்கு மாற்றியதும் தட்டின் குணம் மாறினால் இஞ்சினைத் தொடுவதற்கு முன் அந்தப் போல்ட்டுகளைப் பார்ப்பதே முறை.

கிளட்ச், கியர் பாக்ஸ்

ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளில் பெரும்பாலும் மேனுவல் கியர் பாக்ஸ்தான். அதில் ஆய்வின் பாதியைக் கிளட்ச் பெடலே செய்துவிடும். நியூட்ரலில் பெடலை மிதித்ததும் சத்தம் தோன்றினால் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டதும் தோன்றி, மிதித்ததும் மறைந்தால் இன்புட் ஷாஃப்ட் பேரிங், அல்லது கியர்களின் நியூட்ரல் கடகடப்பு. பின்னது பல நேரம் குறையே அல்ல. சிலிண்டர் எண்ணிக்கை குறையக் குறைய எரிப்புகளுக்கு இடையில் கிராங்கின் வேகம் அதிகமாக ஏறி இறங்கும். சுமையில்லாத கியர்ப் பற்கள் அந்த ஏற்ற இறக்கத்தில் ஒன்றையொன்று தட்டும். தோஸ்தின் மூன்று சிலிண்டர் இஞ்சினில் அது நான்கு சிலிண்டரைவிடத் தெளிவாகக் கேட்பது எதிர்பார்க்கக்கூடியதே.

எல்லாக் கியரிலும் ஊளையிட்டு, நான்காவதில் மட்டும் அடங்கினால் கீழே ஓடும் லே ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். நேரடி கியரில் விசை அதன் வழியாகப் போவதில்லை. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடிப் பற்களில்தான் குறை.

ஆட்டோமேட்டிக்கில், நிற்கும்போதும் ஓடும்போதும் இஞ்சின் சுழற்சியோடு ஏறி இறங்கும் முனகல் பம்பிலிருந்து வருவது. முதலில் ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். சீரான வேகத்தில், இலேசான ஆக்சிலரேட்டரில் கோடுகள் போட்ட சாலைமேல் ஓடும் அதிர்வு வந்தால் டார்க் கன்வெர்ட்டர் கிளட்சின் நடுக்கம். 2015 முதல் 2019 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் எட்டு வேக கியர் பாக்ஸ்களில் பரவிய இந்தக் குறைக்குக் காரணம் ஈரத்தை உறிஞ்சும் ஆயில் என்று கண்டறியப்பட்டு, வேறு வகை ஆயிலுக்கு முழுமையாக மாற்றுவதே தீர்வாக அறிவிக்கப்பட்டது. முதல் சில நூறு கிலோமீட்டரில் கியர் மாற்றம் சற்று முரட்டுத்தனமாக இருப்பதை மட்டும் பொறுக்கலாம். கிளட்சுகளின் அழுத்தத்தைக் கணினி அப்போதுதான் பழகிக்கொள்கிறது.

ஷாஃப்டும் ஹவுசிங்கும்

புறப்படும்போதும் நிற்கும்போதும் வரும் ஒற்றைத் "தட்", ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நழுவும் இணைப்பில் கிரீஸ் போதாததால் இருக்கலாம். மெல்லப் போகும்போது ஷாஃப்டின் கதியில் "கீச் கீச்" என்றால் அதன் ஜாயிண்ட் கிராஸ். நான்கு சக்கர இழுவையை உலர்ந்த தார்ச்சாலையில் போட்டு வளைத்தால் எழும் வெடிப்பொலி குறையல்ல, பயன்பாட்டுத் தவறு; சென்டர் டிஃபரென்ஷியல் இல்லாத வண்டிகளில் அது பாகங்களை உடைத்துவிடும்.

பின்னச்சின் பற்கள் இருக்கும் ஹவுசிங்கின் ஊளையை மூன்று நிலையில் கேட்க வேண்டும்: இழுவையில், ஆக்சிலரேட்டரை விட்ட ஓட்டத்தில், இரண்டுக்கும் நடுவே வேகம் ஏறாமலும் இறங்காமலும் பிடித்த நிலையில். இழுவையிலோ விட்ட ஓட்டத்திலோ மட்டும் ஊளை என்றால் கிரவுன் வீல், பினியன் பற்கள் கவ்வும் இடம் சரியாக அமைக்கப்படவில்லை. மூன்றிலும் ஒரே மாதிரி என்றால் பேரிங். ஸ்டீயரிங்கை இலேசாக இடம் வலம் ஒடிக்கும்போது மாறினால் வீல் பேரிங். சாலையின் பரப்பு மாறும்போது மாறினால் டயர். புதிய அச்சின் பற்கள் பழகும் காலம் முக்கியம் என்பதால்தான், உற்பத்தியாளரைப் பொறுத்து முதல் 800 முதல் 1,600 கிலோமீட்டர் வரை ட்ரெய்லர் இழுக்க வேண்டாம் என்று கையேடுகள் சொல்கின்றன.

உறுதிப்படுத்துதலும் பதிவும்

ஊகத்தை உறுதிசெய்ய எளிய வழி, அதே மாடலில் இன்னொரு புதிய வண்டியை அதே சூட்டில் அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பது. அதிலும் அதே சத்தம் இருந்தால் அது வடிவமைப்பு, அல்லது அந்த மாடல் முழுவதற்கும் உள்ள குறை. பட்டறைகளில் நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கும் பழக்கம் இன்றும் பயன்தரும் முறைதான். ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு, சட்டத்தின் பல இடங்களில் கவ்வி வைக்கும் சிறு மைக்குகள் உண்டு. ஆயிலை வடித்து ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதும் நல்ல சாட்சி. முதல் ஆயிலில் மாவுபோன்ற சாம்பல் நிறத் துகள் இருப்பது இயல்பு. கண்ணுக்குத் தெரியும் செதில்கள், அதிலும் செம்பு நிறத்தவை, பேரிங்கிலிருந்து வந்தவை. கைபேசியில் பதிவுசெய்வோர், டேக்கோமீட்டரும் வேகமானியும் படத்தில் தெரியும்படி எடுப்பது அவசியம். கைபேசி ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைப்பதால், அளவு தெரியாத வெறும் ஒலிப்பதிவுக்கு மதிப்பு குறைவு.

ஜாப் கார்டில் "இஞ்சினில் சத்தம்" என்று மட்டும் எழுதினால், "இயல்பு" என்ற பதிலோடு வண்டி திரும்பிவரும். எந்தச் சூட்டில், எத்தனை சுற்றில், எந்தக் கியரில், எத்தனை கிலோமீட்டரில் என்று எழுத வைக்க வேண்டும். பின்னால் வாரண்டி முடிந்து குறை வெளிப்பட்டால், அது வாரண்டிக் காலத்திலேயே சொல்லப்பட்டதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். அமெரிக்காவில் உற்பத்தியாளர்கள் சர்வீஸ் அறிக்கைகளை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்எச்டிஎஸ்ஏ-வுக்கு அளிக்க வேண்டும். அவை பொதுமக்கள் பார்வைக்கும் கிடைக்கின்றன. திரும்பத் திரும்பப் பழுதாகும் புதிய வண்டிக்கு மாற்று வண்டியோ பணமோ பெறும் சட்டம் 1982-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

இந்தியாவில் ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்குத் தந்தது. தனி உரிமையாளருக்கு வழி, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் அதில் நுகர்வோராக மாட்டார் என்பதைக் காட்டி, சரக்கு பிக்கப் வைத்திருப்பவரைத் திருப்பி அனுப்புவது உண்டு. ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அச்சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. ஒற்றை வண்டி வாங்கித் தானே ஓட்டிச் சம்பாதிப்பவர், ஜாப் கார்டுகளோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.